மாப்பிள்ளை சொன்னால் சரிதான்

எங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டரில் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லும் சாட்பாட்டுக்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தது நான்தான். வந்த அன்றே எல்லாரும் அதைத் தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள். முன்னால் எதைக் கொண்டுபோய் வைத்தாலும் "அருமை" என்று ஆரம்பித்து, பிறகு சாவகாசமாகக் குறை சொல்லும். எவ்வளவு அபத்தமாகக் குறை சொன்னாலும் எதிர்த்துப் பேச ஆள் கிடையாது. அந்த மரியாதைக்கு வேறு என்ன பெயர் வைப்பது? பெயர் பரவிப் பரவி மேனேஜர் வாயிலும் ஒட்டிக்கொண்டது.

நாங்கள் செய்வது ஆஸ்பத்திரிகளுக்கான டியூட்டி அட்டவணை. எந்த நர்ஸ், எந்த வார்டில், எந்த ஷிஃப்டில் என்று பிரித்துக் கொடுக்கும் புரோகிராம். அதன் பழைய பாகம் முழுவதும் என் பொறுப்பு. பாதி நான் எழுதியது. மீதி, எழுதிவிட்டு வேலையை விட்டுப் போனவர்கள் என் தலையில் கட்டியது. பார்க்க லட்சணமாக இருக்காது. வாடகை வீட்டுச் சுவரில் வந்தவர் போனவரெல்லாம் ஆணி அடித்த மாதிரி இருக்கும். ஆனால் அதை நம்பிய எந்த வார்டும் ஒரு நாள்கூட ஆளில்லாமல் கிடந்ததில்லை. இதை நான் கொஞ்சம் ஜம்பமாகவே சொல்வேன்.

மேனேஜருக்கு நாங்கள் வைத்த பெயர் சுருக்கம். எதைக் கொண்டுபோனாலும் "சுருக்கமா சொல்லுங்க" என்பார். வீட்டிலிருந்து மனைவி போன் செய்தாலும் "சுருக்கமா சொல்லும்மா" என்பது கண்ணாடிக் கதவைத் தாண்டிக் கேட்கும். மாப்பிள்ளை வந்தபிறகு மனிதருக்குக் கொண்டாட்டம். எந்த ஃபைலையும் அதன் வாயில் போட்டு, நாலு வரியாக வாங்கிப் படித்துவிட்டு, நாள் முழுக்க உழைத்தவர் மாதிரி கழுத்தை நெட்டி முறிப்பார்.

அவர்தான் ஒரு திங்கட்கிழமை எல்லாரையும் கூட்டி வைத்துச் சொன்னார்.

"பழைய புரோகிராம் எல்லாத்தையும் மாப்பிள்ளைகிட்ட குடுக்கப் போறோம். எது உருப்படும், எது உருப்படாதுன்னு அது சொல்லிடும். உருப்படாததைத் தூக்கிட்டுப் புதுசா எழுதிக்கலாம்."

"அப்ப அதைப் பாத்துக்கிட்டிருக்கிறவங்க என்ன பண்றது சார்?" என்று கேட்டேன்.

"போன் செக்ஷன்ல ஆள் பத்தலை" என்றார். கேள்விக்குப் பதில் சொன்னாரா, பொதுவாக வருத்தப்பட்டாரா என்று யோசிக்கவே வேண்டாம். என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

போன் செக்ஷன் என்பது லிஃப்டுக்குப் பின்னால் இருக்கும் ஜன்னலே இல்லாத அறை. புரோகிராமில் கோளாறு என்று கூப்பிடுகிறவர்களுக்கு அங்கே உட்கார்ந்து சமாதானம் சொல்ல வேண்டும். முன்பு ஒரு தடவை, யாரோ லீவு என்று என்னைப் போட்டார்கள். ஒருவர் கூப்பிட்டு, திரை கறுப்பாக இருக்கிறது என்று கத்தினார். பிளக் சொருகியிருக்கிறதா என்று கேட்டேன். "நான் யாருன்னு தெரியுமா?" என்றார். "தெரியாது சார். உங்களுக்கே சந்தேகம்னா பக்கத்துல யாரையாவது கேட்டுப் பாருங்க" என்றேன். அவர் ஒரு ஆஸ்பத்திரியின் டைரக்டர். மத்தியானத்துக்குள் என்னைப் பழைய நாற்காலிக்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள். என் வாய் அப்படி. அந்த அறையில் ஒரு மாதம் இருந்தால் என் வேலையே போய்விடும் என்பது எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

ஆகவே, சுருக்கம் கேட்பதற்கு முன்னால் நானே திருட்டுத்தனமாக என் ஃபைலை மாப்பிள்ளையிடம் கொடுத்துப் பார்த்தேன். வழக்கம்போல "அருமை" என்று ஆரம்பித்து, பக்கம் பக்கமாகக் கிழித்தது. ஒரே ஓர் இடத்தில் மட்டும் பம்மியது. "இந்தப் பகுதி அபாரத் திறமையுடன் எழுதப்பட்டுள்ளது. இதை மாற்றாமல் விடுவது நல்லது" என்றது. எனக்கு வாயில் ஈ போனது தெரியவில்லை. இருப்பதிலேயே கேவலமான இடம் அதுதான்.

திரும்பப் போய்ப் பார்த்தபோதுதான் சங்கதி புரிந்தது. புரோகிராம் நடுவே குறிப்பு எழுதி வைப்பது எங்கள் பழக்கம். கம்ப்யூட்டர் அந்த வரிகளைத் தாண்டிப் போய்விடும். பின்னால் வருகிற மனிதர் படித்துப் புரிந்துகொள்ளத்தான் அவை. என்றைக்கோ ஒரு கோபத்தில் அந்த இடத்துக்கு மேலே நான் இப்படி எழுதி வைத்திருந்தேன்: "இதை எழுதியவர் பெரிய மேதை. குறை சொல்கிறவர் முதலில் இதுபோல ஒன்று எழுதிக் காட்டட்டும்." மாப்பிள்ளை புரோகிராமை எடைபோடவில்லை. நான் எனக்கே கொடுத்துக்கொண்ட சர்டிபிகேட்டைப் படித்துவிட்டுத் தலையாட்டியிருக்கிறது.

அதற்கு மேல் என் கையை யார் பிடிக்க முடியும்? டீ ஆறிப்போவதுகூடத் தெரியாமல் எழுதினேன். "அனுபவசாலிகளே கை நடுங்கத் தொடும் இடம்." "பல ஆஸ்பத்திரிகளின் உயிர்நாடி." "இதைப் பராமரிப்பவரை மாற்றினால் வரும் விளைவுகளுக்கு யாரும் பொறுப்பல்ல." எழுத எழுத ருசி ஏறியது. கடைசியில், கொழுப்பு அதிகமாகி, இன்னொன்றும் சேர்த்தேன்: "இந்தப் பணியில் இருப்பவரை ஜன்னல் இல்லாத இடத்தில் போடக் கூடாது. கவனம் சிதறும். தவறு நேரும்."

அடுத்த கூட்டத்தில் சுருக்கம் மாப்பிள்ளையின் அறிக்கையை வாசித்தார். உயிர்நாடி வந்தது. கை நடுக்கம் வந்தது. ஜன்னல் வந்ததும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"உங்க சீட் எங்க இருக்கு?"

"ஜெராக்ஸ் மெஷின் பக்கத்துல சார்."

"இத்தனை நாளா யாருமே கவனிக்கலையே" என்று உண்மையாகவே வருத்தப்பட்டார். சாயங்காலமே என் நாற்காலி ஜன்னலோரம் போய்விட்டது. எதிர்க்கட்டிட மொட்டை மாடியில் துணி காய்ந்தது. கீழே பஸ் ஸ்டாப்பில் ஒருவர் பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டு, போகிற பஸ்ஸை முறைத்துக்கொண்டு நின்றார். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

பக்கத்து சீட்டுக்காரர் விஷயத்தை மோப்பம் பிடித்துவிட்டார். அவரை நாங்கள் ஆமாஞ்சாமி என்போம். யார் எது சொன்னாலும் தலையாட்டுவார். "மேடம், எனக்கும் ரெண்டு வரி எழுதிக் குடுங்களேன்" என்று வந்து நின்றார். "இதை எழுதியவருக்குக் கழுத்து வலி உண்டு" என்று அவர் ஃபைலில் போட்டுக் கொடுத்தேன். புது நாற்காலி வந்தது. பிறகு யார் யார் என்னென்ன எழுதினார்களோ, மாப்பிள்ளையின் அறிக்கைகளில் எங்கள் ஆபீஸ் முழுக்க மேதைகளாகவே நிரம்பி வழிந்தார்கள்.

வெள்ளிக்கிழமை சுருக்கம் என் ஜன்னலருகே வந்தார்.

"இவ்வளவு நல்ல புரோகிராம். இதை மாப்பிள்ளைகிட்டயே குடுத்து இன்னும் மெருகேத்திட்டேன். குறிப்புல சொல்லியிருக்கிற எந்த விதியையும் மீறாதேன்னு கறாரா சொல்லிட்டேன். முதல்ல ஒரு ஆஸ்பத்திரிக்கு அனுப்பியாச்சு."

"நான் ஒரு தடவை பாத்துடட்டுமா சார்?"

"மாப்பிள்ளை பாத்துடுச்சு. டெஸ்டும் அதுவே வெச்சு, அதுவே திருத்தி, நூத்துக்கு நூறு."

அந்த இடத்தில் நான் பிடிவாதம் பிடித்திருக்க வேண்டும். பிடிக்கவில்லை. தோண்டினால் என் குட்டு வெளியே வந்துவிடும் என்ற பயம். திரும்பி ஜன்னல் வழியே பஸ் ஸ்டாப்பைப் பார்த்தேன்.

சனிக்கிழமை மாலை வீட்டுக்குப் போனால், அக்கா ஸ்டூல் போட்டு ஏறி, பரண்மேலிருந்து பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தாள். நானும் அவளும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் வார்டுக்கு அவள் தலைமை நர்ஸ். அவள் பாட்டு முணுமுணுத்து நான் கேட்டு எத்தனையோ காலம் ஆகிறது. அன்றைக்கு முணுமுணுத்தாள்.

"எங்க கிளம்பறே?"

"எங்கயாவது. திங்கள்லேருந்து ஒரு வாரம் லீவுடி எனக்கு. எனக்கு மட்டுமில்ல, எங்க வார்டுக்கே. புது அட்டவணை அப்படித்தான் வந்திருக்கு."

"வார்டுக்கே லீவா? பேஷண்டை யார் பாப்பாங்க?"

"நானும் கேட்டேன். புது புரோகிராம், கம்ப்யூட்டர் கணக்குப் போட்டிருக்கு, சரியாத்தான் இருக்கும்னுட்டாங்க. மேல வேற வார்டுக்கு மாத்துறாங்களோ என்னமோ. திங்கட்கிழமை காலையில டயாலிசிஸுக்கு ஒரு கணக்கு டீச்சர் வருவாங்க, அவங்களுக்கு மட்டும் சொல்லி வைக்கணும். ஒரு தடவை விட்டாலே மூச்சு வாங்க ஆரம்பிச்சுடும் அவங்களுக்கு."

கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டேன்.

"அக்கா, உங்க வார்டுல ஜன்னல் இருக்கா?"

"பேஸ்மெண்ட்ல ஏதுடி ஜன்னல்?"

சுருக்கம் முதலில் அனுப்பிய ஆஸ்பத்திரி அக்காவுடையதுதான். அந்த ஆஸ்பத்திரி கொடுத்திருக்கும் வார்டு விவரத்தில் மாடி, கட்டில்களோடு ஜன்னல் எண்ணிக்கையும் இருக்கும். திரைச்சீலை தைக்கக் கொடுப்பதற்காக யாரோ என்றைக்கோ சேர்த்தது. மாப்பிள்ளை என் குறிப்பைப் படித்து, அந்த எண்ணிக்கையைத் தேடிப் பிடித்து, ஜன்னல் இல்லாத வார்டில் எந்த நர்ஸையும் போடக் கூடாது என்று பக்காவாக விதி எழுதிவிட்டது. நான் கேட்டது எனக்கு ஒரு ஜன்னல். அது பறித்தது அத்தனை நோயாளிகளையும் பார்த்துக்கொள்ளும் நர்ஸ்களை.

அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்டூலில் நின்றபடியே கேட்டாள். கேட்டு முடித்ததும் பெட்டியைத் திரும்பப் பரண்மேல் தள்ளினாள்.

"வேடிக்கை பாக்கறதுக்காடி இதெல்லாம்?"

வெட்கமாக இருந்தது. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

சுருக்கத்துக்குப் போன் செய்தேன். "சுருக்கமா சொல்லுங்க" என்றார். "சுருக்கமா சொல்ல முடியாது சார்" என்றேன். "அப்ப எழுதி அனுப்புங்க" என்று வைத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆபீஸுக்குப் போனேன். பழைய பாகத்தை எடுக்கவும் வைக்கவும் எனக்கு இன்னும் அனுமதி இருந்தது. மெருகை எல்லாம் வழித்தெறிந்துவிட்டு, ஆணி அடித்த என் சுவரையே திரும்ப நிறுத்தி, புது அட்டவணை போட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். அக்கா போனில் இருந்தாள். தன் வார்டு ஆட்களின் பெயரை ஒவ்வொன்றாகப் படித்துச் சரிபார்த்தாள். கடைசியாகத் தன் பெயரையும் படித்தாள். அதைப் படிக்கும்போது மட்டும் குரல் கொஞ்சம் இறங்கியது.

இப்போது யாருக்கும் எதுவும் தெரியாது. அப்படியே பூசி மெழுகிவிடலாம். ஆனால் மற்ற ஆஸ்பத்திரிகளுக்கும் மாப்பிள்ளை மெருகேற்றியது வரிசையாகக் கிளம்பக் காத்திருந்தது. அதில் எல்லாருடைய கழுத்து வலியும் மேதைமையும் இருந்தன. உட்கார்ந்து எழுதினேன். மேதையிலிருந்து ஜன்னல் வரைக்கும் ஒன்று விடாமல் எழுதினேன். ஆமாஞ்சாமியின் நாற்காலியை மட்டும் விட்டுவிட்டேன், பாவம்.

திங்கட்கிழமை சுருக்கம் கூப்பிட்டார். மேஜைமேல் நாலு வரி இருந்தது. பார்த்ததுமே யார் கைங்கர்யம் என்று புரிந்துவிட்டது.

"மாப்பிள்ளை என்ன சொல்லுது பாருங்க," என்று வாசித்தார். "இந்த ஊழியர் ஒரு கடுமையான பிழையைக் கண்டுபிடித்து, விடுமுறை நாளிலும் வந்து சரிசெய்திருக்கிறார். நோயாளிகள்மீது அக்கறை உள்ளவர். எதையும் ஒளிக்காமல் நேர்மையாகப் பேசுபவர்."

"சார், நான் எழுதினதை முழுசாப் படிச்சீங்களா?"

"எதுக்கு? நல்லாத்தானே சொல்லியிருக்கு."

"அந்தத் தப்பைப் பண்ணினதே நான்தான் சார்."

"தன்னடக்கம் உண்டுன்னும் போட்டிருக்கு" என்று அந்த வரியை விரலால் தட்டிக் காட்டினார்.

பல்லைக் கடித்துக்கொண்டேன். "வேற எந்த ஆஸ்பத்திரிக்கும் இதை அனுப்பாதீங்க சார். மாப்பிள்ளை எதை மாத்தினாலும் ஒரு மனுஷர் உட்கார்ந்து வரி வரியாப் படிச்சப்புறம்தான் வெளிய போகணும்."

"சரி. சுருக்கமா சொன்னா?"

"படிக்கணும் சார்."

இதைவிடச் சுருக்க முடியாது என்பதால் பிடித்துப்போயிருக்க வேண்டும். "நிறுத்திடறேன்" என்று குறித்துக்கொண்டார். படிக்கிற வேலைக்கு ஆமாஞ்சாமியைக் கூப்பிட்டுப் போட்டார். ஆமாஞ்சாமி தலையாட்டினார். நான் வெளியே வந்து, "வேண்டாம்னு ஒரு வார்த்தை இருக்கு, கொஞ்சம் பழகிக்கோங்க" என்று அவரிடம் சொன்னேன். அதற்கும் தலையாட்டினார்.

சுருக்கம் என்னைத் திரும்ப உள்ளே கூப்பிட்டார். "கடைசி வரியை விட்டுட்டேன்" என்று வாசித்தார். "வாடிக்கையாளர்களிடம் நேரடியாகப் பேசும் பொறுப்புக்கு இவர் மிகவும் பொருத்தமானவர்." நிமிர்ந்து மலர்ந்த முகத்தோடு சொன்னார். "இன்னிக்கே சேந்துடுங்க."

வாழ்க்கையில் முதல் தடவையாக என்னைப் பற்றிய உண்மையை ஒன்று விடாமல் எழுதினேன். அதற்குக் கிடைத்தது லிஃப்டுக்குப் பின்னால் இருக்கும் அறை. நாலு பக்கமும் சுவர். ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்ததுமே முதல் அழைப்பு வந்தது.

"டியூட்டி அட்டவணை பத்தி ஒரு புகார் குடுக்கணும்" என்றது ஒரு பெண் குரல், அரசாங்கக் கடிதம் மாதிரி. பின்னால் மெஷின்களின் பீப் சத்தமும், யாரோ ஓர் அம்மாள் வாய்ப்பாடு சொல்லிக் கொடுப்பதுபோல அதட்டலாகத் தண்ணீர் கேட்பதும் காதில் விழுந்தன. "ஒரு வாரம் லீவு போட்டிருந்தது. பெட்டிகூட இறக்கி வெச்சுட்டேன். நேத்து யாரோ அதைப் பிடுங்கிட்டாங்க."

நான் புகார் நோட்டைத் திறந்தேன்.

"நான் யாருன்னு தெரியுமா?"

பதில் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கினேன்.

"தெரியும் மேடம்" என்றேன். "சொல்லுங்க. சுருக்கமா வேண்டாம், முழுசாவே சொல்லுங்க."

அக்கா முழுசாகவே சொன்னாள்.