மணலுக்குக் கீழே வந்த ஆறு

குடியாத்தத்துல ஆத்தங்கரையிலயே பொறந்த ராஜவேலுவுக்கு நீச்சல் தெரியாது. எப்படித் தெரியும்? மலையில துள்ளிக்கிட்டு வர்ற ஆறு, ஊரு வந்ததும் மணலுக்குள்ள பூந்துக்குது. மேல கிரிக்கெட்டுதான் நடக்குது.

அந்த மணல் நடுவுல இருந்த உறைக்கிணத்துல, மோட்டாரு குழாய் அடைச்சிக்கிச்சின்னு எறங்கினான். விசைத்தறிக்காரனாச்சே, கயிறு வாங்குவானா? தறியில மிஞ்சின நூலை முறுக்கிக் கட்டிக்கிட்டான். அது பாதியில அறுந்துது. இடுப்பளவு தண்ணியில தொப்புன்னு விழுந்தான். சுத்தியும் சிமெண்டு உறை, ஒரே பாசி, புடிச்சி ஏற வழியே இல்ல.

"அடிபட்டுச்சா?" மேல இருந்து பொண்டாட்டி பூரணி கத்தினா.

"இல்ல. ஆனா தண்ணி ஏறுது பூரணி!"

மலையில நல்ல மழை போல. மேல மணல் காஞ்சி கெடக்க, அடியில ஆறு வந்துட்டுது. மாரு வரைக்கும் வந்துது, அப்புறம் கழுத்து. ஐயோ, சொட்டுத் தண்ணி கண்ணுல படாத ஆத்துல முழுகிச் சாகப்போறோமேன்னு பாசி உறையப் பிராண்டினான்.

பூரணி கணியம்பாடிக் கிணறுங்கள்ல குதிச்சி வளந்தவ. "லுங்கிய அவுத்து ஒரு பக்கம் முடி போடு! காத்த ரொப்பி நெஞ்சுல அணைச்சிக்க!"

அப்படியே செஞ்சான். லுங்கி உப்பிச்சு, உடனே புஸ்ஸுன்னு எறங்கிடுச்சு.

"காத்து நிக்கலடி!"

"எப்படி நிக்கும்? வியாபாரி பேச்சக் கேட்டு இழையக் கம்மி பண்ணி இந்த லுங்கிய நெய்ஞ்சவன் நீதான! வேணாம் வேணாம்னு அடிச்சிக்கிட்டனே, கேட்டியா?"

உயிரு போற நேரத்துலயும் சண்டை! ஆனா திட்டிக்கிட்டே, குளிச்சா மாத்திக்கன்னு கொண்டாந்திருந்த பழைய லுங்கிய அவன் தலைமேல வீசினா. அவனே முன்னாடி நெருக்கமா நெய்ஞ்சது. முடி போட்டு ரொப்பினான். பூசணிக்காய் மாதிரி நின்னுது.

அதக் கட்டிப்புடிச்சிக்கிட்டு, கண்ண மூடிக்கிட்டு, தண்ணியோட தண்ணியா மேல வந்தான். கைக்கு எட்டினதும் பூரணி மணிக்கட்டைப் புடிச்சி இழுத்துப் போட்டா.

சுடுமணல்ல அம்மணமா கெடந்தான். கரையில இருந்து ஆளுங்க ஓடி வந்தாங்க.

"அந்த லுங்கி முடிய அவுத்துக் கட்டிக்கய்யா, மானம் போவுது," சொன்னா பூரணி.

"மாட்டேன். இதுல இன்னும் காத்து இருக்குதுடி."

லுங்கிய நெஞ்சோட இறுக்கிக்கிட்டு, ஓன்னு அழுதான்.