பழனாயி முதுகில் ஒட்டிய அம்பு

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இது எனக்காகத் தோன்றிய கதை இல்லை, கேட்டு வாங்கிய கதை. ஒரு மாத இதழ் 'ஓய்வுக்குப் பின் ஓர் இனிய வாழ்வு' என்று சிறப்பிதழ் போடுகிறதாம். "ஓய்வு பெற்ற ஆள் ஒருத்தர் வேணும், கதை சிரிச்ச முகமா முடியணும் சார். எதிர்ப் பக்கத்துல மூட்டுவலித் தைல விளம்பரம் வருது" என்றார் ஆசிரியர்.

ஆளைத் தேடி அலையவில்லை. வேலம்பாளையத்தில் எங்கள் தெருவிலேயே இருக்கிறார் சென்னிமலை. பனியன் கம்பெனியில் முப்பத்தொரு வருசம் செக்கிங் இன்சார்ஜ். தைத்து வரும் பீஸைப் புரட்டிப் பார்த்து, பழுதிருக்கும் இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பி அனுப்புவது வேலை. ஐம்பத்தெட்டு முடிந்ததும் சால்வை போர்த்தி, ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இனிமேல் மணி பார்க்கவே தேவையில்லாத ஆளுக்குக் கடிகாரம் கொடுப்பது யார் ஆரம்பித்த வழக்கமோ!

2

முதல் தொடக்கம்: "காலைப் பனியில் நடை போடும் சென்னிமலையின் முகத்தில்..." (நடந்தது மூன்றே நாள். நாய் துரத்தியது. விட்டுவிட்டார்.)

இரண்டாவது: "மொட்டைமாடியில் அவர் வளர்த்த கத்தரிச் செடி..." (காய்த்தது இரண்டு. இரண்டிலும் புழு. இரண்டிலும் அம்பு ஒட்டிவைத்தார்.)

மூன்றாவது: "ஓய்வு என்பது முடிவல்ல, அது ஒரு..."

(என்ன அது? எனக்கும் தெரியவில்லை. நடந்ததைச் சொல்லிவிடுவதே மேல்.)

3

அவிநாசியில் ஒறம்பரைக் கல்யாணம், சொந்தக்காரர் வீட்டு விசேஷம். சென்னிமலையின் மனைவி பழனாயி, தானே தைத்த பட்டு ஜாக்கெட்டில் வந்திருந்தாள். தெருவில் பாதிப் பேருக்கு அவள்தான் ஜாக்கெட் தைக்கிறாள். மேடைக்குப் போகும் வரிசையில் அவளுக்குப் பின்னால் இவர். முதுகுப் பக்கம் தோள் மூட்டில் நாலு தையல் விட்டுப்போயிருந்தது கண்ணில் பட்டது. ஓய்வுக்குப் பின்னும் அம்பு ஸ்டிக்கர் கிடக்கும் சட்டைப் பைக்குக் கை தானாகப் போனது. ஒட்டிவிட்டார்.

ஒட்டியது அவருக்கே தெரியாது என்கிறார். நான் நம்புகிறேன். முப்பத்தொரு வருசம் செய்த கை, யாரைக் கேட்டுச் செய்யும்?

பழனாயி மேடையேறி, குனிந்து, பொண்ணு மாப்பிள்ளைக்குத் திருநீறு பூசினாள். மண்டபமே அவள் முதுகைப் பார்த்தது. அங்கே முக்கால்வாசிப் பேர் பனியன் கம்பெனி ஆட்கள். அந்த அம்புக்கு என்ன அர்த்தம் என்று யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. நாத்தனார் மாரக்காள்தான் கடைசியில் அதைப் பிய்த்து அவள் கையில் கொடுத்தாள்.

அன்றிலிருந்து பத்தொன்பது நாள். சோறு வருகிறது, பேச்சு வருவதில்லை.

"கம்பெனி போனதுகூட வெசனமில்லீங்க," என்றார் என்னிடம். "பகலு முழுக்க ஊட்டுல ரெண்டே பேருங்க. அவளும் பேசலீன்னா நான் என்னத்துக்கு இருக்கறதுங்க?"

(சிரிக்கச் சிரிக்க எழுத வேண்டிய இடம் இது. அவர் குரலைக் கேட்டபின் முடியவில்லை.)

4

மரியாதைக்காக இதுவரை எழுதியதை அவரிடம் கொடுத்தேன். மறுநாள் பத்து மணிக்குத் திரும்பி வந்தது. பதினொரு அம்பு!

"சீலை மாம்பழக் கலருங்க, நீங்க பச்சைன்னு போட்டுட்டீங்க. ஆல்ட்டர் பண்ணிருங்க."

பண்ணினேன். பிறகு சீலையையே எடுத்துவிட்டேன். தினமும் பத்து மணிக்கு வந்தார். ஒருநாள் ஒரே வரியில் இரண்டு அம்பு. 'பழனாயி அவமானத்தில் குன்றிப்போனாள்' என்ற வரி.

"இதை யாருங்க சொன்னது?"

"நானா எழுதினதுதான். சரி, நெசமா அவங்க என்ன நெனச்சாங்க?"

யோசித்தார். நெற்றியைத் தேய்த்தார்.

"தெரியலீங்களே."

"கேட்டுட்டு வாங்க."

"அவதான் பேசறதில்லீங்களே."

"கதைக்குன்னு கேளுங்க."

5

அடுப்படி வாசலில் நின்று கேட்டாராம். பழனாயி இவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. குக்கரைப் பார்த்துச் சொன்னாளாம்:

"கதைக்கா? அப்பன்னா எழுதிக்கச் சொல்லுங்க. கூச்சமெல்லாம் இல்ல, கோவம். கண்ணாலமாகி முப்பத்திநாலு வருசத்துல இவிய என்ற முதுகை உத்துப் பாத்ததே அன்னைக்குத்தான். அன்னைக்கும் பழுதைத்தான் பாத்தாங்க."

இதைச் சொல்லிவிட்டுச் சென்னிமலை என் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்கப்புறம் தினம் ஒரு கேள்வி கொடுத்தனுப்பினேன். தையலை யாரிடம் கற்றாள்? கல்யாணமான புதிதில் எதற்கு அழுதாள்? எந்த ஊரைப் பார்க்க ஆசை? பதில்கள் நீண்டுகொண்டே போயின. நாலாம் நாள் குக்கரை விட்டு இவர் முகத்தைப் பார்த்துச் சொன்னாளாம். ஆறாம் நாள் இவர் வந்ததே பதினொன்றரைக்கு. "பேச்சுல நேரம் போனதே தெரியலீங்க" என்றார், தப்புச் செய்தவர் மாதிரி.

அதற்குள் ஆசிரியர் போன் மேல் போன். முடிவு எங்கே? அவசரமாக மூன்று எழுதினேன்.

அ. கம்பெனி அவரை மறுபடி கூப்பிடுகிறது. ("ஐயோ, வேண்டாங்க" என்றார். எனக்கே ஆச்சரியம்.)

ஆ. இருவரும் சேர்ந்து தையல் கடை திறக்கிறார்கள். அவள் தைக்க, இவர் செக் பண்ண... (வேண்டாம். மறுபடி சண்டை வரும்.)

இ. அவிநாசி கோயில் பிரகாரத்தில் இருவரும் கைகோத்து... (முப்பத்திநாலு வருசத்தில் கோக்காத கையை நான் எழுதினால் யார் நம்புவார்கள்?)

"எப்படி முடிக்கறதுன்னு அவங்களையே கேட்டுட்டு வாங்க" என்று அனுப்பினேன்.

பழனாயியின் பதில்: "கதையை முடிச்சுப்போட்டா, நாளைக்கு இவிய என்றகிட்ட என்னத்தைக் கேப்பாங்க? முடிக்கவே வேண்டாம்னு சொல்லுங்க."

6

ஆகவே முடிக்கவில்லை. மிச்ச இடத்தில் தைல விளம்பரத்தைப் பெரிதாகப் போட்டுக்கொள்ளட்டும்.

ஒரே ஒரு சிக்கல். கேள்விகள் தீர்ந்துவிட்டன. அடுத்தவர் மனைவியிடம் கேட்க என்னிடம் எத்தனை கேள்விதான் இருக்கும்? அவராகக் கேட்பார் என்று எழுதிவிடலாம். ஆனால் அவருக்கு இன்னும் அந்தத் தைரியம் வரவில்லை.

நாளைக்கும் பத்து மணிக்கு வருவார். உங்கள் வீட்டில், நீங்கள் இத்தனை வருசமாகக் கேட்காமலே விட்ட கேள்வி ஒன்று இருக்கும். அதைக் கொடுங்கள். அவராவது கேட்கட்டும்.