பொழுது சாய்வதற்குள் ஒரு ஸ்கோன்

பொழுது சாய இன்னும் இரண்டு மணி பதினேழு நிமிஷம் இருந்தது. நாள்காட்டித் தாளில் அஸ்தமனம் ஆறு இருபது என்று போட்டிருந்தது. சுவர்க் கடிகாரம் நாலு மூன்று காட்டியது. தயாவதி மனசுக்குள் கழித்துப் பார்த்துவிட்டு மைதாவைச் சலிக்க உட்கார்ந்தாள்.

அவள் கணவன் அஜிதநாதன் மூன்று மணிக்கே வந்திருக்க வேண்டும். நெசவாளர் சங்கத்தில் பட்டு நூல் கொள்முதல் அவன் பொறுப்பு. பெங்களூரிலிருந்து விடியற்காலையில் நூல் லாரியிலேயே கிளம்பிவிடுவதாக எழுதியிருந்தான். சமண நயினார் வீட்டுப் பிள்ளை. வழியில் கண்ட இடத்தில் கை நனைக்கமாட்டான். பொழுது சாய்ந்தால் தண்ணீர்கூடக் கிடையாது. ஆறு இருபதுக்குள் வந்து சாப்பிட்டால் உண்டு, இல்லாவிட்டால் மறுநாள் விடியும்வரை பட்டினிதான்.

அந்தக் கடிதத்தின் பின்பக்கத்தில், வெள்ளைக்காரர் பலகாரமான ஸ்கோன் செய்யும் முறையை எழுதியிருந்தான். ஒரு பேக்கரிக்காரரை நச்சரித்துக் கேட்டு வாங்கியதாம். முட்டை சேர்க்காதது. 'பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரிக்கு ஒரு ப்ராக்டிகல்' என்று அடியில் ஒரு கிண்டல் வேறு.

அவளும் லேபில் செய்வதுபோலத்தான் செய்தாள். மாவில் பேக்கிங் பவுடரைக் கலந்து, வெண்ணெயை விரல் நுனியால் தேய்த்து உதிர்த்தாள். உலர்ந்த திராட்சையும் டூட்டி ஃப்ரூட்டியும் போட்டாள். தயிர் விட்டுப் பிசைவதற்கு முன்னால், அடுப்புக்கு வேண்டிய மணலை முறத்தில் எடுத்துக்கொண்டு கொல்லைக்கு வந்தாள்.

குட்டைச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வடிவாம்பாள் எட்டிப் பார்த்தாள். பிள்ளையார்பாளையத்தில் அந்தத் தெரு முழுக்கத் தறிக்காரர் வீடுகள். வடிவாம்பாள் வீட்டில் இரண்டு தறி.

"இன்னாம்மா தயா, மண்ணைப் பொறுக்கிக்கினு இருக்கற? மண்ணுலயா பலகாரம்?"

"மண்ணு பானைக்குள்ள அடியில போடறதுக்குக்கா. எறும்பு இருந்தா வெந்துடும் இல்ல, அதான்."

"எறும்புக்கு இருக்கற மரியாதை எனக்கு இருந்தா நான் ஏன் இப்படி இளைச்சிப் போறேன்!" வடிவாம்பாள் தன் பருத்த தோளைத் தானே தட்டிக்கொண்டாள். "வூட்டுக்காரரு வர்ற நாளு. அதான் மொகம் பளபளன்னு இருக்குது. வந்துட்டாருன்னா இந்தச் சுவர் பக்கமே வரமாட்ட."

"போங்கக்கா."

தெருவிலிருந்து யாரோ வடிவாம்பாளைக் கூப்பிட்டார்கள். "இரு, வரேன்" என்று போனாள். வரவில்லை.

தயாவதி மாவைத் தட்டி, டம்ளர் விளிம்பால் எட்டு வட்டம் வெட்டி எடுத்தாள். மேலே பால் தடவினாள். கரியடுப்பில் மணல் பரப்பிய பானை. தட்டு மூடி, மூடிமேலும் நெருப்புத் துண்டுகள். மணி நாலு ஐம்பது. இருபத்தைந்து நிமிஷம்.

பானையிலிருந்து வெண்ணெய் வாசனை கிளம்பியபோது பக்கத்து வீட்டுத் தறிகள் நின்றன. பிறகு எதிர்வீட்டுத் தறி. பிறகு கோடியிலிருந்த இரண்டும். காலை முதல் காதில் விழுந்தும் விழாமலும் இருந்த சத்தம் அது. நின்ற பிறகுதான் அது இருந்தது தெரிந்தது.

அந்தத் தெருவில் அமாவாசை தவிர, பகலில் தறி மொத்தமாக நிற்பது ஒன்றுக்குத்தான். யாரோ பெரியவர்கள் தவறியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள். வடிவாம்பாளைக் கேட்கலாம்.

வடிவாம்பாளே வந்தாள், தெருவாசல் வழியாக. கூடவே அஜிதநாதனின் அக்கா மதனவதியும் அவள் கணவர் அப்பாண்டையும். திருப்பருத்திக்குன்றத்திலிருந்து வந்திருந்தார்கள். மதனவதி அண்ணி ஒருநாளும் வெறுங்கையோடு வந்தவளில்லை. ஒரு முழம் பூவாவது இருக்கும். இன்றைக்கு இரண்டு கையும் சும்மா இருந்தன.

"வாங்க அண்ணி. உக்காருங்கண்ணா. அவரு இன்னும் வரல."

"சும்மா இந்தப் பக்கம் வந்தோம்மா" என்றார் அப்பாண்டை. உட்காரவில்லை. வாசல்நிலையைப் பிடித்தபடி தெருவைப் பார்த்து நின்றார்.

"கண்ணு ஏன் அண்ணி சிவந்திருக்குது?"

"சைக்கிள்ல வந்தனா, தூசி."

"தறியெல்லாம் ஏன்க்கா நின்னுடுச்சு?"

"நூலு அறுந்துட்டுது" என்றாள் வடிவாம்பாள்.

தெருவில் எத்தனையோ தறி. எல்லாவற்றிலும் ஒரே நேரத்தில் நூல் அறுமா? தயாவதி கேட்கவில்லை. மூடியை எடுத்தாள். எட்டும் பொங்கி, பொன்னிறமாக, பக்கவாட்டில் வெடிப்பு விட்டிருந்தன. எதிர்பார்த்ததைவிட நன்றாகவே வந்திருந்தன.

"ஆயிடுச்சு இல்ல? ஒண்ணு எடுத்துச் சாப்பிடு தயா" என்றாள் மதனவதி.

"மேல சர்க்கரை பூசணும் அண்ணி. அவரு வரட்டும், சேர்ந்து சாப்பிடறோம்."

வடிவாம்பாள் குனிந்து, தட்டிலிருந்து ஒன்றை எடுத்து ஊதி, அவள் வாய்க்குப் பக்கத்தில் நீட்டினாள். "சாப்பிடும்மா. பொழுது போவுது பாரு." அந்தக் குரலில் கேலி ஒரு துளிகூட இல்லை.

போன ஐப்பசியில் வடிவாம்பாளின் அண்ணன் கூரத்தில் இறந்துபோனார். செய்தி முதலில் தயாவதிக்குத்தான் தெரிந்தது. சொல்லிவிட்டால் பிறகு பிணம் எடுக்கிறவரை ஒரு வாய் இறங்காது என்று, ஒன்றும் தெரியாதவள்போல வடிவாம்பாளை உட்காரவைத்து, இதேபோல ஊட்டிவிட்டாள். நாலு கவளம் உள்ளே போன பிறகுதான் சொன்னாள். எல்லார் வீட்டிலும் வழக்கம் அது. தன் வீட்டில் மட்டும் அதற்கு ஒரு கெடு உண்டு, ஆறு இருபது.

தயாவதி வடிவாம்பாளின் கையை மெல்ல ஒதுக்கினாள்.

"ஆறட்டும்க்கா. சூட்டுல பூசினா உருகிடும்."

பொடித்த சர்க்கரையில் எலுமிச்சைச் சாற்றைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். ஆறு சொட்டு. கலக்கினாள். இன்னும் இரண்டு. சாப்பிடாதவரை சொல்லமாட்டார்கள். சொல்லாதவரை லாரி வாலாஜாவில் பஞ்சராகி நிற்கலாம். டிரைவர் டீ குடிக்கலாம். ஒரு ஸ்கோனுக்கு நாலு நிமிஷம் எடுத்துக்கொண்டாள். கரண்டி நுனியால் விளிம்பைச் சரிசெய்தாள், மறுபடி சரிசெய்தாள். பூச்சு வெள்ளையாக உறைந்துகொண்டே வந்தது. மணி ஐந்து ஐம்பது. ஆறு ஐந்து. கூடத்துத் தரையிலிருந்த வெயில் சுவரில் ஏறி, மங்கியது.

"தயா, உன் காலைப் பிடிச்சிக் கேக்கறேன்" என்றாள் மதனவதி.

அப்போதுதான் தயாவதி அவளை முழுதாகப் பார்த்தாள். முந்தானையைச் சுருட்டிப் பல்லுக்கிடையே வைத்திருந்தாள். தாயில்லாத தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். ஒரு மணிநேரமாக ஒரு சத்தம் வராமல் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். யாருக்காக?

கடிகாரத்தில் ஆறு பதினான்கு.

தயாவதி ஒரு ஸ்கோனை எடுத்தாள். பாதியாக உடைத்தாள். மென்றாள். வாய் உலர்ந்து மாவு தொண்டையில் ஒட்டியது. வடிவாம்பாள் கொடுத்த தண்ணீரைக் குடித்து விழுங்கினாள். மீதிப் பாதியையும் தின்றாள். விரலில் ஒட்டிய சர்க்கரையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"சாப்பிட்டுட்டேன் அண்ணி. சொல்லுங்க."

மதனவதி முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள்.

"ஆம்பூர் தாண்டி லாரி கவுந்துடுச்சு தயா. காலையில பத்து மணிக்கே என் தம்பி போயிட்டான்."