சிவப்புப் பவளத்தில் பாதி

முகேஷ்குமார் வாளி கொண்டுவரவில்லை. உப்புநீர்த் தொட்டியில் வளர்ந்த பவளத்தை எடுத்துப்போக வருகிறவன் கையில் ஒரு துணிக்கடைப் பையை மட்டும் பார்த்ததும் மலர்விழி தொட்டிக்கு முன்னால் வந்து நின்றுகொண்டாள்.

கணவன் மனைவி பிரிவதென்று இரண்டு வீட்டுப் பெரியவர்களும் பேசி முடித்தபோது நகை, பாத்திரம், ஃப்ரிட்ஜ் எல்லாம் எளிதாகவே தீர்ந்தன. தொட்டியும் அவளுக்கே என்றாயிற்று. அவன் கேட்டது ஒன்றே ஒன்று, தொட்டியின் நடுவிலிருக்கும் சிவப்புப் பவளம். அது தான் வாங்கிக் கொடுத்தது என்றான். பெரியவர்களுக்கு அது வெறும் கல். ஒரு கல்லுக்காக இன்னொரு நாள் உட்கார யாருக்கும் பொறுமையில்லை. சரி என்றுவிட்டார்கள்.

கல்தான். அலங்கார மீன் கடை பெலிக்ஸ் அதைச் சென்னையிலிருந்து வரவழைத்துத் தந்தபோது எலுமிச்சம்பழ அளவு இருந்தது. கீழே சுண்ணாம்புக் கல், மேலே தடித்த ஈரச் சதை, நடுவில் ஒரு வாய். திண்டுக்கல் போர்வெல் தண்ணீர் பட்டால் செத்துவிடும். வடிகட்டிய தண்ணீரில் கடலுப்பு கலந்து, அது எலும்பு வளர்க்கத் தேவையான கால்சியத்தைச் சொட்டுக் கணக்கில் விட்டு வளர்த்தாள். கரண்ட் போனால் இன்வெர்ட்டர் தொட்டிக்கே போதட்டும் என்று ஃபேனை அணைத்துவிட்டு வேர்வையில் உட்கார்ந்திருப்பாள். இன்றைக்கு அது சாப்பாட்டுத் தட்டின் அகலம். நிறைய வாய்கள்.

சாதுவான உயிரும் இல்லை அது. இன்னொரு பவளம் தன்னை உரசினால் குடல் இழைகளையே வெளியே தள்ளி அதன் மேல் போர்த்திச் செரித்துவிடும். மறுநாள் பார்த்தால் பக்கத்திலிருந்தது வெள்ளை எலும்பாக நிற்கும். அப்படி ஒன்றைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான், சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள வெஞ்சனம் வைக்கவில்லை என்று முகேஷ் அறைந்ததில் அவளுடைய இடது காதுச் சவ்வு கிழிந்தது. விழுந்த இடத்திலிருந்து தொட்டிதான் தெரிந்தது. பவளத்தைப் பார்த்து அவளுக்குப் பொறாமையாக இருந்தது. அதை யாரிடமும் சொன்னதில்லை.

இப்போது அவன் பையை நீட்டினான். தண்ணீர் இல்லாமல் கொண்டுபோனால் செத்துவிடும் என்றாள்.

"சாகட்டும். எம்புட்டு நாளு எம்மூஞ்சியப் பாக்காம அது மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருந்த?" என்றான். "மனசு வரலைன்னா ஒண்ணு செய். பாதியா வெட்டு. எனக்குப் பாதி, உனக்குப் பாதி."

அவன் எதற்குக் காத்திருக்கிறான் என்று அவளுக்குத் தெரியும். அவள் காலில் விழ வேண்டும். முன்பெல்லாம் விழுந்திருக்கிறாள். அவன் அதை ஒரே உடல் என்று நினைத்திருந்தான். பெலிக்ஸும் அப்படித்தான் சொல்லியிருந்தார். எத்தனை மடிப்பு விட்டாலும் இது பிளக்க முடியாத ஒற்றைப் பவளம், வெட்டினால் இரண்டும் போய்விடும் என்று. மலர்விழிக்கு அதில் சந்தேகம் இருந்தது. ஒருமுறை சதை சுருங்கிக் கிடந்தபோது விரலை அடியில் விட்டுத் தடவினாள். ஒவ்வொரு வாயும் தனித்தனித் தண்டில் நின்றது. மேலே சதை ஒன்றையொன்று மூடி ஒரே உடம்பு போலக் காட்டியது, அவ்வளவுதான். அது பிளக்கக்கூடிய வேறு ஜாதி.

"சரி, வெட்டலாம்" என்றாள்.

அவன் முகம் மாறியதைப் பார்த்தபடியே தொட்டித் தண்ணீரை வாளியில் மொண்டு, பவளத்தை அதில் இறக்கித் தூக்கிக்கொண்டு நடந்தாள். அவன் வண்டியை எடுத்துக்கொண்டு பின்னால் வந்தான். தெருமுனையில் மைதீன் பிச்சையின் கறிக்கடை. மதிய வியாபாரம் ஓய்ந்திருந்தது. எலும்பு வெட்டும் மிஷினில் இதை வெட்டித் தரக் கேட்டாள். அவர் வாளிக்குள் எட்டிப் பார்த்தார்.

"இது கல்லாம்மா, உயிரா?"

"ரெண்டும்தான் பாய்."

மிஷின் வாளில் கொழுப்பு போக வெந்நீரையும் பிறகு உப்புநீரையும் ஊற்றினாள். எங்கே வெட்ட வேண்டும் என்று தண்டுகளுக்கிடையில் விரல் வைத்துக் காட்டினாள். வாள் கல்லைத் தொட்டதும் பல் கூசும் சத்தம் எழுந்தது. வெள்ளைத் தூள் பறந்தது. பிரிந்த ஓரத்தில் சதை கிழிந்து கோழை கோழையாக வடிந்தது. ஆட்டுக் கொழுப்பு நாற்றத்துக்கு நடுவே கடல் நாறியது. அந்தச் சத்தம் தன் எலும்புக்குள்ளிருந்து வருவதுபோல் அவளுக்கு இருந்தது. நிறுத்தச் சொல்லத் தோன்றவில்லை. இன்னும் கொஞ்சம் நீளாதா என்றிருந்தது. முகேஷ் கல்லாப்பெட்டியைப் பிடித்துக்கொண்டு வெளிறி நின்றான்.

கல் இரண்டாகி விழுந்தது. கோழை வடிவதைப் பார்த்து மைதீன் பிச்சைக்கு மனம் கேட்கவில்லை. குடல் கழுவ வைத்திருந்த மஞ்சள்தூளை ஒரு கை அள்ளிக் காயத்தில் அப்பினார்.

"செத்த நேரத்துல ஆறிரும்மா."

அவள் பாய்ந்து கையைத் தட்டிவிட்டாள். அதற்குள் ஒரு பாதி மஞ்சளாகிவிட்டது. மற்றதை வாளிக்குள் இறக்கினாள். மஞ்சளை அலசப் போனபோது முகேஷ் அவள் மணிக்கட்டை முறுக்கிப் பிடித்தான். மருந்து வைத்த பாதிதான் தனக்கு என்றான்.

"மஞ்சள் பட்டது பிழைக்காது. வாளியில இருக்கிறத எடுத்துக்கங்க. அதான் நல்லாருக்கு."

அவன் சிரித்தான். "நல்லத எனக்குக் குடுக்கிற ஆளாடி நீ?"

அதே காதில் அறை விழுந்தது. வெட்டுக்கட்டையில் நெற்றி மோதி அவள் சரிந்தாள். மைதீன் பிச்சை கத்தியோடு எழுந்தார். "ஏலே, எங்கடையில வச்சா பொம்பளப் பிள்ளைய அடிக்கிற?" முகேஷ் மஞ்சள் பாதியை அவசரமாக அள்ளினான். கல்லின் பற்கள் உள்ளங்கையைக் கிழித்தன. ரத்தத்தோடும் மஞ்சளோடும் அதைப் பைக்குள் திணித்துக்கொண்டு வண்டிக்கு ஓடினான்.

ஓடியும் போக முடியவில்லை. தெருவை அடைத்துக்கொண்டு ஒரு மினி லாரி ஆடுகளை இறக்கிக்கொண்டிருந்தது. அவன் வெயிலில், பை கைப்பிடியில் தொங்க, ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான்.

மலர்விழி எழுந்து நின்றாள். எட்டினால் பிடுங்கிவிடும் தூரம். ஒரு செம்பு உப்புநீரில் அலசினால் இன்னும் பிழைக்கும். அந்த வாய்கள் ஒவ்வொன்றும் திறந்த நாளை அவள் அறிவாள்.

கால் நகரவில்லை. நல்ல பாதியை எடுத்துக்கொள்ளத்தானே சொன்னேன் என்று தனக்குள் சொல்லிப் பார்த்தாள். உண்மைதான். ஆனால் சொல்ல வாயெடுத்தபோதே அவன் நம்பமாட்டான் என்று தெரிந்திருந்ததா? உள்ளே தேடினாள். தெரிந்திருந்தது. சேர்ந்து வாழ்ந்த காலத்தில் அவனைப் பற்றி அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது அது ஒன்றுதான். அதைக் கத்தியைப்போல எடுத்திருக்கிறாள். உண்மையைச் சொல்லியே ஓர் உயிரைக் கொல்ல முடிகிறது தன்னால்.

ஆடுகள் ஒவ்வொன்றாகக் குதித்தன.

"போய்ப் புடுங்கிட்டு வரவாம்மா?" என்றார் மைதீன் பிச்சை.

"வேணாம் பாய். அது அவரு கேட்ட பாதி."

லாரி நகர்ந்தது. முகேஷின் வண்டி திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நெற்றி ரத்தத்தைக் கையால் துடைத்தாள். அந்தக் கை வாளிக்குள் படாமல், துப்பட்டாவை இழுத்து வெயில் மறைத்து வாளியைத் தூக்கிக்கொண்டாள்.