பீலியில் மிதந்த மீன்கள்

வேலைக்கு ஆள் எடுக்கும் காலைப் பெரட்டுக்கு இன்னும் சங்கு ஊதவில்லை. மடுல்சீமை மலையில் பனி அப்பிக் கிடந்தது. குழந்தைக்குப் பால்மா கரைத்துக் கொடுத்துவிட்டு அஞ்சலின் குடத்தோடு, மலைத் தண்ணீர் விழும் பீலிக்கு இறங்கினாள். கொழுந்துக் கறை ஏறிய விரல் வெடிப்புகள் குளிரில் எரிந்தன.

பீலித் தொட்டியில் நாலைந்து மீன் விட்டுவைப்பது லயத்து வீடுகளின் வழக்கம். மீன் நீந்தினால் தண்ணீரை நம்பிக் குடிக்கலாம். அன்று எல்லாமே வயிறு மேலே தெரிய மிதந்தன. நுரையில் வடை சுட்ட எண்ணெய் வாசம் அடித்தது. அஞ்சலின் குடத்தைப் போட்டுவிட்டு லயத்துக்குத் திரும்பி ஓடினாள். நேற்று இருட்டில் இங்கே பிடித்த தண்ணீரில்தான் பால் கரைத்திருந்தாள்.

மேலே ரோடு வெட்டும் பெக்கோ இயந்திரம் டீசலில் ஓடவில்லை. கடைகளில் பொரித்து மிஞ்சிய எண்ணெயில் திராவகம் கலந்து, பீலிக்கு வரும் ஊற்றுக்கு மேலேயே கொட்டகை போட்டு அதற்கு எரிபொருள் காய்ச்சினார்கள். தாவர எண்ணெய், மண்ணுக்கும் தண்ணிக்கும் ஒன்றும் செய்யாது என்று ரோட்டு வேலையை எடுத்த கொந்தராத்துக்காரர் சொன்னார். பாவி மனுஷன் சொன்னதை லயமே நம்பியது. கொட்டகையில் வேலை செய்த அவள் புருஷன் கிருபாகரன், நேற்று மாலை பீப்பாய்களை ஊற்றில் போய்ச் சேரும் கானில் கழுவினான்.

அவள் ஓடி வந்தபோது குழந்தை வாந்தியெடுத்துத் துவண்டு கிடந்தது. அவளும் கிருபாகரனும் அதைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்கு ஓடினார்கள்.

"ஐயா, வேன குடுங்க. பதுளை ஆஸ்பத்திரிக்குப் போகணும்," என்றபடி கிருபாகரன் திராவகக் கேனை எடுத்தான். "இதையும் டொக்டருக்குக் காட்டணும்."

"வேன்ல போ. கேன வச்சிட்டுப் போ," என்றார் கொந்தராத்துக்காரர். "பீப்பாயைக் கழுவினது நீ. கேஸ் வந்தா உள்ள போறதும் நீதான்."

கிருபாகரன் கேனைக் கீழே வைக்கக் குனிந்தான்.

பெக்கோ சட்டென்று நின்றது. டிரைவர் நப்ரீஸ் இறங்கி வந்தான். "கழுவச் சொன்னது நீங்க. என் காதால கேட்டேன், முதலாளி."

பின்னால் கொழுந்துக் கூடைகளோடு பெண்கள் மேடேறி வந்துகொண்டிருந்தார்கள். முன்னால் வந்த வேலாயி, பீலியில் அள்ளிவந்த செத்த மீன்களை மண்ணில் கொட்டினாள்.

"கேன எடுத்துக்கிட்டுப் போ தம்பி," என்றாள் கிருபாகரனிடம். "நாங்க எல்லாருந்தானே நம்புனோம். கொட்டகைய இங்கருந்து தூக்குற வரைக்கும் பெரட்டுக்கும் போகமாட்டோம்."

"பொலிசைக் கூப்பிடுவேன்," என்றார் கொந்தராத்துக்காரர்.

"கூப்பிடுங்க. வந்தா தேத்தண்ணி குடுப்போம். இந்தத் தண்ணியிலதான்."

நப்ரீஸ் வேனை எடுத்தான். கிருபாகரன் கேனை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தான். அஞ்சலின் நொடிக்கொரு தரம் குழந்தையின் மூச்சில் விரலை வைத்துப் பார்த்தாள். கீழே சங்கு ஊதியது. பெண்கள் ஒருவரும் எழவில்லை. பெக்கோவின் முன்னால், ஈர மண்ணில், தோளோடு தோள் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள்.