ஐம்பது நிமிடப் பயணம்

நான் வசிக்கும் மிரி நகரத்திலிருந்து எங்கள் மலையூர் பாரியோவுக்கு விமானத்தில் ஐம்பதே நிமிடம். மண் பாதையில் வண்டியில் போனால் ஒரு முழுப் பகல்; மழை பெய்தால் அதுவும் நிச்சயமில்லை. இதை நான் சொல்லாத காப்பிக்கடை மிரியில் கிடையாது. விமானத்தை நானே கண்டுபிடித்தவன் மாதிரி பேசுவேன்.

என் மகன் வீட்டிலும் தம்பி தாகாலின் மகள் வீட்டிலும் ஒரே வருடத்தில் தலைப்பிள்ளை பிறந்தது. பேரப்பிள்ளை வந்துவிட்டால் தாத்தாக்கள் ஊர் விருந்தில் பழைய பெயரை விட்டுப் புதுப் பெயர் சூடுவது எங்கள் கெலாபிட் இனத்தின் வழக்கம். எனக்கு எங்கள் பாட்டனார் மாரான் தாடுனின் பெயர்மேல் கண். முதுகில் சுமையோடு வாரக்கணக்கில் மலை கடந்து நடந்தவர் அவர். நானோ மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறவன். இருந்தும் கண்ணாடி முன் நின்று அந்தப் பெயரால் என்னையே கூப்பிட்டுப் பார்த்திருக்கிறேன்.

விருந்துக்கு முதல் நாள் விடிகாலையில் தம்பி வண்டியோடு வந்தான்.

"அண்ணே, ஏறு. மழை வர்ற மாதிரி இருக்கு. அண்ணி ஏறியாச்சு."

"நீங்க போங்கடா. நீங்க சேத்துல உருண்டு ஊர் சேர்றதுக்குள்ள நான் ரெண்டு தடவ போய்ட்டு வந்துருவேன்."

என் மனைவி சுப்பாங் வண்டிக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தாள். "இந்த வாய்க்குத் தனியா ஒரு டிக்கெட் எடுக்கணும்."

மறுநாள், விருந்தன்று, விமான நிலையத்தில் பெட்டியோடு என்னையும் தராசில் ஏற்றினார்கள், சின்ன விமானம். முள்ளைப் பார்த்த பெண், "அங்கிள், பெட்டி லேசுதான்" என்றாள். மீதியை அவள் சொல்லவில்லை.

ஐம்பதாவது நிமிடத்தில் பாரியோவுக்கு மேலேதான் இருந்தேன். ஊரைத்தான் காணவில்லை, ஒரே மேகம். விமானி சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு மிரிக்கே திருப்பிவிட்டார். கீழே என்னைத் தேடுவார்கள் என்று நினைத்ததும் அழுகை முட்டியது. பக்கத்து இருக்கைக்காரர் குமட்டல் என்று நினைத்துக் காகிதப் பையை நீட்டினார். வாங்கிக்கொண்டேன்.

அடுத்த நாள் வானம் தெளிந்தது. சொல்லிவைத்தாற்போல் ஐம்பது நிமிடத்தில் இறங்கினேன். வேலியோரம் தம்பி நின்றான், காலணியில் இன்னும் காய்ந்த சேறு.

"கோவிச்சுக்காதண்ணே. வண்டி வழியில புதைஞ்சிருச்சு. நானும் அண்ணியும் பன்னிக்கறிப் பானையத் தூக்கிட்டு நடந்தே வந்தோம். அதப் பாத்துட்டு ஊரு பாட்டன் பேர எனக்கு வச்சிருச்சு. உனக்குத்தான் கேட்டேன். 'ஊருக்கு மேல வந்துட்டு எட்டிப் பாக்காமப் போனவனுக்கு நடந்தவரு பேரா'ன்னு சிரிக்கிறாங்க."

எனக்கு வயிறு எரிந்தது. கூடப்பிறந்தவன் என்றும் பாராமல் எரிந்தது.

"சரி, எனக்கு என்ன பேரு?"

"ஆள் வந்தாத்தானாம். அடுத்த விருந்துல பாக்கலாம்னுட்டாங்க."

திரும்பும்போது சுப்பாங்கை விமானத்தில் ஏற்றிவிட்டு, சேற்றிலிருந்து மீட்டு வந்த தம்பியின் வண்டியில் நானாகவே ஏறினேன். பாதி வழியில் சக்கரம் புதைந்தது. இறங்கித் தள்ளினேன். சேறு முகத்தில் அடித்தது. தலைக்கு மேலே விமானம் போகும் சத்தம் கேட்டு நிமிர்ந்தேன்.

"மேல என்னண்ணே பார்வை? அடுத்த விருந்துல உனக்குப் பேரு வேணுமா, வேணாமா?"

"வேணும்டா" என்றேன். தோளைக் கொடுத்துத் தள்ளினேன்.