நான் நீயாக இருந்தால்

எர்மெக் கரும்பலகையை நிரப்பிவிட்டு, விரல்களில் ஒட்டியிருந்த சுண்ணக்கட்டித் தூளை ஊதினான். ஆங்கிலத்தில் அறிவுரை வழங்குவதற்குரிய தொடர்கள் மேலே இருந்தன: யூ ஷுட், வை டோன்ட் யூ, இஃப் ஐ வேர் யூ. அறிவுரையைப் பெற்றுக்கொள்பவர் நன்றியுடன் உரைக்க வேண்டியவை கீழே இருந்தன. எங்கள் கரகோல் நகரத்தாருக்கு அறிவுரை சொல்லக் கற்றுக்கொடுப்பதற்காகத் தலைநகரிலிருந்து ஓர் ஆள் வந்திருந்தான் என்பதை நினைத்தால் சிரிப்புத்தான் வருகிறது. இங்கே ஒருவன் பனியில் வழுக்கி விழுந்தால் தூக்கிவிட ஒரு கை நீளாது. எப்படி நடந்திருக்க வேண்டும் என்று சொல்லப் பத்து வாய் திறக்கும்.

வெளிநாட்டுப் பயணிகளுக்கு வீட்டில் அறை வாடகைக்கு விடுவோருக்கான குளிர்கால வகுப்பு அது. அன்று கடைசி நாளாதலால் சமோவரில் தேநீருக்கு நீர் கொதித்துக்கொண்டிருந்தது. உல்கானின் மருமகள் புருல் அனைவருக்கும் தேநீர் ஊற்றினாள். மருமகளைத் தனியே அனுப்ப மனமில்லாமல் உல்கானும் குளிர்காலம் முழுவதும் வகுப்பில் வந்து அமர்ந்திருந்தாள். "வெல்கம்" என்பதற்கு மேல் ஒன்றும் கற்கவில்லை. எர்மெக் தங்கியிருந்ததும் அவள் வீட்டில்தான். அவள் வேகவைத்த குதிரை இறைச்சி அவன் கன்னங்களில் நன்றாகவே தெரிந்தது.

புருல் ஒவ்வொரு கோப்பையிலும் இரண்டு மடக்குக்கு மேல் ஊற்றவில்லை. எங்களிடம் அதுவே மரியாதை. இன்னும் இருங்கள், மீண்டும் ஊற்றுகிறேன் என்று அதற்குப் பொருள். விளிம்பு வரை நிரப்பினால், குடித்துவிட்டுப் புறப்படலாம் என்று பொருள். இதை எவரும் வாயால் சொல்வதில்லை.

"சும்மா கற்பனையா ஒரு கஷ்டத்தச் சொல்லுங்க. மத்தவங்க புத்தி சொல்லட்டும்," என்றான் எர்மெக்.

தன் குதிரை கொழுத்துவிட்டதாக வண்டிக்காரன் தோலோன் ஆங்கிலத்தில் முறையிட்டான்.

"உன் பொண்டாட்டி சமையலப் போடு, ஒரே வாரத்துல எலும்பாயிடும்!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அறை குலுங்கியது.

அடுத்து புருல் எழுந்தாள். தரையைப் பார்த்தபடி, பிழையற்ற ஆங்கிலத்தில் அவள் சொன்னது இவ்வளவே: "என் கணவர் மாஸ்கோவில் வேறொருத்தியோடு குடும்பம் நடத்துகிறார். ஏரிக்கரை விடுதியில் எனக்கு வேலை கிடைத்திருக்கிறது. நாளைக் காலையில் என்னை அழைத்துப்போக அவர்களுடைய வண்டி சந்தைக்கு வரும். என் மாமியாருக்குத் தெரியாது. நான் என்ன செய்ய வேண்டும்?"

முதல் செய்தி ஊரறிந்தது. இரண்டாவது எல்லோருக்கும் புதிது.

"மாஸ்கோன்னு என்னமோ சொன்னாளே, என்ன அது?" என்றாள் உல்கான்.

எர்மெக்கின் கழுத்து சிவந்தது. "அது வந்து அபா, மாஸ்கோலேருந்து விருந்தாளி வந்தா எப்பிடிக் கவனிச்சுக்கறதுன்னு கேக்கறா." பின்னர் வகுப்பின் பக்கம் திரும்பி, "அழகான கஷ்டம்! யாரு முதல்ல?" என்றான்.

கைகள் உயர்ந்தன. அது கற்பனையன்று என்று அறிந்தும், அத்தனை பேரும் அதைக் கற்பனையாகவே கையாண்டனர். அதுவே அவர்களுக்கு வசதியாக இருந்தது. "இஃப் ஐ வேர் யூ, காத்திருப்பேன்," என்றான் தோலோன். ஊர் என்ன பேசும் என்பதை அவள் எண்ணிப் பார்க்க வேண்டுமென்றாள் மருந்துக் கடைக்காரி. எர்மெக் இருவருடைய உச்சரிப்பையும் மெச்சிவிட்டு, பொறுமையே சிறந்த வழி என்று தன் பங்கையும் சேர்த்தான். அவர்களுள் ஒருவரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

உல்கானாலும் சும்மா இருக்க முடியவில்லை. "விருந்தாளிக்கா? நான் சொல்றேன் கேளுடி. வாயத் திறக்காத. சொன்னதச் செஞ்சுட்டு மூலையில நில்லு. அவங்களுக்கா எப்பத் தோணுதோ அப்பப் போவாங்க, வருவாங்க. உனக்கென்ன?"

கைதட்டல் எழுந்தது. கேட்கப்படாத கேள்விக்குச் சொன்ன அந்த விடை, கேட்ட கேள்விக்கு எவ்வளவு கச்சிதமாகப் பொருந்திற்று!

"இப்ப நீ பதில் சொல்லணும்மா. பலகையில கீழ்ப்பகுதி," என்று பிரம்பால் சுட்டினான் எர்மெக்.

புருல் ஒவ்வொருவரையும் நோக்கி, அவருடைய அறிவுரை தனக்குப் பெரிதும் பயன்பட்டதென்று ஆங்கிலத்தில் நன்றி கூறினாள். மாமியாருக்கு, கையை நெஞ்சில் வைத்துத் தலைவணங்கிக் கூறினாள்.

"முழு மதிப்பெண்!" என்று எர்மெக் கூவினான்.

அவள் மறுபடியும் ஊற்றுவதற்காகக் கோப்பைகளைச் சேகரித்தாள். உல்கானுக்கு இரண்டு மடக்கு. எர்மெக்குக்கு இரண்டு மடக்கு. எல்லோருக்கும் அவ்வாறே, மரியாதை குறையாமல். கடைசியாக மேசையோரத்தில் ஒரு கோப்பையை வைத்து ஊற்றத் தொடங்கினாள், நிறுத்தவில்லை. தேநீர் விளிம்பைத் தொட்டு, விளிம்புக்கும் மேலே மெல்லப் புடைத்து, சிந்தாமல் நின்றது.

உல்கானின் கையிலிருந்த ரொட்டித் துண்டு வாயருகே நின்றது. "அது யாருக்குடி?"

"எனக்குத்தான், அபா."

தூக்கினால் சிந்திவிடும். ஆகவே புருல் தலைத்துணியின் முனையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, கோப்பை இருந்த இடத்திலேயே குனிந்து, முதல் மடக்கை உறிஞ்சினாள்.